போர்வைக்குள் ஒரு படைக்கலம்

மார்கழி மாதத்து வன்னிக் குளிரைப் பற்றிச் சொன்னால் பனிநாட்டில் வாழ்வோர் நகைப்பர். ஆயினும், குளத்து நீர்ப்பரப்பைத் தடவிக்கொண்டு வரும் வாடைக்காற்று விடியற்காலையிற் கிளிநொச்சி வயல்வெளிகளைக் கடக்கும்போது, எங்கள் முதியோர் தலையோடு கால் போர்த்துக்கொண்டுதான் இருப்பர். அத்தகைய ஒரு காலைப்பொழுதிலே, என்னிடம் முன்னாளிற் கற்ற மாணவர் ஒருவர் என்னைக் காண வந்திருந்தார். அமெரிக்க நாட்டின் வடபகுதி நகரொன்றில் இரவுக் காவற்பணி புரிபவர். பணியின் பொருட்டு அரசின் அனுமதிப்பத்திரம் பெற்றுக் கைத்துப்பாக்கி தாங்குபவர். சீருடையின்றிப் பொதுமக்களோடு மக்களாக நிற்கவேண்டிய பணி ஆதலால், அக்கருவி பிறர் கண்ணிற் படாமல் மேலுடைக்குள் மறைந்திருத்தல் வேண்டுமாம். தேநீர் அருந்துகையில் நான் போர்த்திருந்த கம்பளியைப் பார்த்து, "ஐயா, இந்தப் போர்வைதான் எங்கள் தொழிலுக்குப் பெரிய பகை" என்றார்.

அஃது எவ்வாறு என்று வினவினேன். படைக்கலத்தை மறைப்பதற்குத் தடித்த உடையைப் போல் வசதியானது வேறில்லை என்றே நான் எண்ணியிருந்தேன். அவர் விளக்கிய பின்னரே, எளிதில் மறைத்தல் வேறு, கேடின்றி மறைத்தல் வேறு என்பது புலனாயிற்று.

இக்காலத்துக் கைத்துப்பாக்கி, விசையை விரல் அழுத்தினாலன்றி வெடியாதவாறே ஆக்கப்பட்டுள்ளது. ஆனால் அழுத்துவது விரல்தானா, துணியின் மடிப்பா, கயிற்றின் நுனியா என்பதை விசை அறியாது. குளிர்நாட்டு மேலங்கிகளின் கீழ்விளிம்பிலே இறுக்கிக் கட்டுவதற்கென நாடாக்கள் தொங்கும். அவற்றின் நுனியிற் சிறு குமிழ்கள் இருக்கும். கருவியை உறைக்குள் மீள வைக்கும்போது அந்தக் குமிழ் விசைவளையத்துட் புகுந்துவிட்டால், உள்ளே தள்ளுகின்ற கையே சுடுகின்ற கையாகிவிடும். சன்னம் பாய்வது தன் தொடையில். இவ்வாறு காயமுற்றோர் பலர் என்றார். ஆதலின், விசை முழுவதையும் மூடக்கூடிய விறைப்பான உறை இன்றியமையாதது. துணியாற் செய்த நெகிழ்ந்த உறை உதவாது. நாடாக்களை முன்னரே வெட்டி எறிந்துவிட வேண்டும். மேலங்கியை மற்றக் கையால் நன்றாக விலக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணாற் பார்த்து, மெல்ல வைக்கவேண்டும். "எடுக்கும்போதுதான் விரைவு வேண்டும் என்று சினிமா பார்ப்போர் நினைக்கின்றனர், வைக்கும்போது எவரும் எவரோடும் போட்டியிடவில்லையே, ஐயா" என்று அவர் சொன்னது நன்றாயிருந்தது.

கையுறையும் அப்படியே. தடித்த கையுறைக்குள் இருக்கும் விரல் தான் எதனைத் தொடுகின்றது என்பதை உணராது. விசைவளையத்துட் புகும்போதே அழுத்திவிடும். எனவே தொழிற்கையில் மெல்லிய உறையே அணிவர், அன்றி அதனைக் கழற்றிவிடுவர். மேலங்கியின் வெளிப்பையில் கருவியை வெறுமனே போட்டுவைத்தல் பேதைமை. அந்தப் பையிலேதான் திறப்புக் கோவையும் கைக்குட்டையும் கிடக்கும். அதனினும் பெரிய தீங்கு ஒன்றுண்டு. குளிரிலிருந்து வீட்டுக்குள் வந்தவன் முதலிற் செய்வது மேலங்கியைக் கழற்றி மாட்டுதல். கருவி அவன் உடம்பில் இல்லாமல் அங்கியிலே இருந்தால், அது ஆணியில் தொங்கும். ஆணிக்குக் கீழே பிள்ளைகள் விளையாடுவர். ஆகவே கருவி இடைவாரிலே, உடம்போடு ஒன்றி இருத்தல் வேண்டும்; அங்கி அதன்மேல் விழும் திரையாக மட்டும் இருத்தல் வேண்டும். குளிர்ந்த இரும்பு சூடான அறைக்குட் புகுந்ததும் வியர்க்கும். அந்த ஈரத்தைத் துடையாவிடின் துருவேறும். மீண்டும் வெளியே சென்றால் ஈரம் உறைந்து பொறி இயங்காது. தடித்த எண்ணெயும் குளிரில் இறுகுமாதலால் நீர்த்த எண்ணெயே சிறிதளவு பூசுவர். புதிய மேலங்கி வாங்கிய ஒவ்வொரு முறையும், சன்னங்களை நீக்கி வேறிடத்தில் வைத்துவிட்டு, வெறுங்கருவியைக் கொண்டு பல நாள் பழகிய பின்னரே அதனை அணிந்து பணிக்குச் செல்வாராம்.

இவற்றைக் கேட்டபோது எனக்கு எங்கள் வயற்காவலர் நினைவு வந்தது. எம் தந்தையார் காலத்திற் காலபோக நெல் கதிர் பறியும் நாட்களில், பன்றிக்கும் யானைக்கும் காவலாகப் பரண்மேல் விழித்திருப்போர் கையில் 'இடியன்' என்னும் துவக்கு இருக்கும். (நாங்கள் துவக்கு என்பதையே தமிழகத்தார் துப்பாக்கி என்பர். இரண்டும் துருக்கியர் மொழிவழி வந்தன என்ப. திருக்குறளின் வான்சிறப்பிலேயே துப்பாக்கி உண்டென்று மாணவர்கள் குறும்பு பேசுவர். அங்கே அச்சொல்லுக்கு உணவை உண்டாக்கி என்பதே பொருள்.) இடியனிலே வாய்வழியாக மருந்தையும் தும்பையும் சன்னத்தையும் இடித்து இறக்குவர். பின்புறத்திற் சிறு செப்புமூடி ஒன்றின்மேற் குதிரை எனப்படும் சுத்தி படிந்திருக்கும். பனிக்குப் பயந்து காவலர் கம்பளி போர்த்திருப்பர். ஆனால் துவக்கைக் கம்பளிக்குள் அணைத்துக்கொண்டு உறங்கியவனைப் பெரியவர்கள் ஏசுவர். கம்பளியின் இழையொன்று குதிரையிற் சிக்கி, அதனைச் சிறிதே பின்னுக்கு இழுத்து விட்டுவிட்டாற் போதும். ஆதலால் மனிதன் போர்வைக்குள்ளும் துவக்கு போர்வைக்கு வெளியும், வாய் வானை நோக்கியும் இருத்தல் வேண்டும் என்பது பரணின் ஒழுக்கம். மருந்து நனைந்தால் நனையட்டும்; பன்றி ஒருநாள் நெல்லைத் தின்றால் தின்னட்டும் என்பர். இன்று அந்த இடியன்கள் அரிது. பெரும்பாலோர் யானைவெடி கொளுத்தியே காவல் செய்கின்றனர்.

அமெரிக்க நகரத்துக் காவலரும் வன்னிப் பரணிற் காவலரும் ஒன்றையே கூறினர்: துணி படைக்கலத்துக்கு நட்பன்று. ஆனால் முன்னவர் தம் கருவியை மறைத்தாக வேண்டும். பின்னவர் மறைக்க வேண்டியதில்லை. இவ்வேற்றுமையே என்னைச் சில நாள் ஏட்டுப் பக்கம் திருப்பியது.

தமிழிற் குளிரைப் பாடிய நூல் எது என்று கேட்டால், நெடுநல்வாடை என்று பள்ளி மாணவனும் கூறுவான். அந்நூலில் நக்கீரர் காட்டும் வாடைக்காலத்து நள்ளிரவை நினைந்து பாருங்கள். பாசறையில் உறக்கமின்றி வேந்தன் புண்பட்ட வீரரைக் காணச் செல்கின்றான். காற்றும் தூவலும் ஓயவில்லை. அவன் மேலாடை நழுவுகின்றது. அதனை இடப்பக்கத்தே தழுவிக்கொள்கின்றான். மற்றக் கையை ஓர் இளவீரனின் தோளில் வைத்திருக்கின்றான். அவ்வீரன் தன் தோளிலே வாளைக் கோத்துத் தொங்கவிட்டிருக்கின்றான். குளிரும் ஆடையும் படைக்கலமும் ஒரே காட்சியில் வந்துள்ளன. ஆயினும் வாள் ஆடைக்கு வெளியே தொங்குகின்றது. முல்லைப்பாட்டின் பாசறையிலும், இரவில் விளக்கேற்றும் மங்கையர் வாளைப் பல நிறக் கச்சிலே காணுமாறு கட்டியிருக்கின்றனர். மெய்ப்பை என்னும் சட்டை அணிந்த அயல்நாட்டாரும் அப்பாட்டில் வருகின்றனர். வெற்றுடம்பில் ஒரு துகில் மட்டும் புனைந்த பழந்தமிழருக்குச் சட்டை அணிந்தவன் புதியவனாகத் தோன்றியது இயல்பே. மறைத்தற்கு இடமில்லாத உடை எங்கள் உடை. நான் இதனைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. வெயில் நாட்டின் நிலை அது.

ஆனால் மறைத்தலை எங்கள் புலவர் அறியாதவரல்லர். கூடாநட்பு அதிகாரத்திலே வள்ளுவர், பகைவர் தொழுகின்ற கைக்குள்ளும் படைக்கலம் ஒடுங்கியிருக்கும் என்றும், அவர் அழுத கண்ணீரும் அத்தன்மையதே என்றும் எச்சரிக்கின்றார். குவித்த இரு கைகளுக்குள் அடங்கும் படைக்கலம் வள்ளுவர் காலத்தில் எதுவாயிருந்திருக்கும்? சிறு கத்தியாகலாம். எவ்வாறாயினும், கைக்குள் அடங்கும் கருவியின் இயல்பை அவர் முன்னரே கண்டுகொண்டார். கருவி சிறிதாகச் சிறிதாக, அது ஒளிந்துகொள்ளும் இடம் பெரிதாகின்றது. வாளுக்கு வணக்கத்தில் இடமில்லை, கத்திக்கு உண்டு, கைத்துப்பாக்கிக்கு இன்னும் தாராளமாக உண்டு.

இக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவருள் ஒருவர் வ. வே. சு. ஐயர். நூல் முழுவதையும் பெயர்த்து 1916 இல் வெளியிட்டார். 'குளத்தங்கரை அரசமரம்' எழுதிய ஐயராகவும், கம்பனை ஆராய்ந்த ஐயராகவும் அவரை நாம் அறிவோம். இலண்டன் மாநகரில் சட்டம் பயிலச் சென்று, 1910 இல் மாறுவேடத்திலே தப்பிப் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்த ஐயரும் அவரே. 1911 ஆம் ஆண்டு யூன் 17 ஆம் நாள் மணியாச்சிப் புகையிரத நிலையத்திற் கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்ட வாஞ்சிநாதனுக்குக் கைத்துப்பாக்கிப் பயிற்சி அளித்தவர் அவர் என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். அதற்குச் சில ஆண்டுகளின் பின்னர், கூடாநட்பு அதிகாரத்தின் எட்டாங் குறளுக்கு ஆங்கிலச் சொல் தேடியபோது அவர் உள்ளத்தில் என்ன ஓடியிருக்கும் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. அவர் அதுபற்றி எழுதியதாக நான் கண்டதில்லை. விடுதலை வேட்கையை நான் குறைகூற மாட்டேன். ஆனால் அக்குறள் ஆளுக்கொரு பொருள் தராது.

இலண்டனிலே 1940 ஆம் ஆண்டு மார்ச் 13 ஆம் நாள், கக்ஸ்ரன் மண்டபத்துக் கூட்டமொன்றில் உத்தம்சிங் என்னும் பஞ்சாபியர், சாலியன்வாலாப் படுகொலை நிகழ்ந்த காலத்தில் அம்மாகாண ஆளுநராயிருந்த ஓட்வையரைச் சுட்டுக் கொன்றார். குளிர் நீங்காத மாதம். மேலங்கியோடு வந்த ஒருவரை ஐயுறுதற்குக் காரணமே இல்லை. அவருடைய கருவியின் வாயைவிடச் சன்னங்கள் சிறியனவாயிருந்தமையால், மேடையில் இருந்த பிறர் காயத்தோடு தப்பினர் என்பர். பொதுமக்கள் கதையிலோ, அவர் ஒரு தடித்த புத்தகத்தின் நடுவைக் குடைந்து அதிலே துப்பாக்கியை ஒளித்துக் கொண்டுசென்றார் என்று வரும். அங்கியைக் காட்டிலும் புத்தகம் நம்மவர் மனத்துக்கு இசைவாயிற்று. அதற்குக் காரணம் ஒன்றுண்டு. நமக்குப் புத்தகத்துள் ஒளிந்த படைக்கலம் பழைய பழக்கம்.

மெய்ப்பொருள் நாயனார் கதையை ஆறுமுக நாவலர் 1852 இல் பெரியபுராணத்தை வசனமாக்கி வெளியிட்ட நாள்முதல் ஈழத்திலே தமிழ் படித்த குழந்தைகளெல்லாம் அறிவர். திருக்கோவலூர் மன்னரைப் போரில் வெல்லமாட்டாத முத்தநாதன், திருநீறு பூசிச் சடைமுடி தாங்கி, புத்தகக் கவளிக்குள்ளே படைக்கலத்தை மறைத்துக்கொண்டு அரண்மனை புகுந்தான். வாயில்தோறும் நின்ற காவலர் வேடத்தை வணங்கி வழிவிட்டனர். கடைசி வாயிலில் நின்ற தத்தன் மட்டும், அரசர் துயில்கின்றார், காலமறிந்து செல்லும் என்று தடுத்தான். முத்தநாதன் அதனையும் கடந்தான். எங்கும் இல்லாத ஆகமம் ஒன்று கொணர்ந்தேன் என்றான். அரசியை அகலச் சொல்லிவிட்டு, மன்னர் அவனை ஆசனத்தில் இருத்தித் தாம் தரையிலிருந்து வணங்கினார். புத்தகம் அவிழ்ப்பவன் போலக் கவளியை அவிழ்த்தான். அதன்பின் நிகழ்ந்ததும், வாளோடு பாய்ந்த தத்தனை மன்னர் தடுத்து, வந்தவர் நம்மைச் சேர்ந்தவர் என்றதும், கொலைஞனை ஊரார் கைப்படாமல் எல்லை கடத்திவிடுமாறு பணித்ததும், அவ்வாறு செய்து மீண்ட தத்தனின் சொல் கேட்கும்வரை உயிர் தரித்திருந்ததும் நான் விரிக்க வேண்டுவதில்லை.

இக்கதையை நான் முப்பதாண்டுக் காலமாக வகுப்பிலே சொல்லி வருகின்றேன். நான் மாணவனாயிருந்த நாளில் எங்கள் ஆசிரியர் சொன்னபோது எவரும் வினா எழுப்பியதில்லை. மன்னரின் அன்பை நினைந்து அழுதவர் உண்டு. போர்க்காலத்தில் நான் சொல்லத் தொடங்கியபோதுதான், ஒருநாள் பின்வாங்கில் இருந்த ஒரு சிறுவன் எழுந்து, "ஐயா, தத்தன் ஏன் பையை அவிழ்த்துப் பார்க்கேல்லை?" என்று கேட்டான். வகுப்பிலே எவரும் சிரிக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளும் என்னையே பார்த்தனர். அவர்கள் நடக்கக் கற்ற நாள்முதல் பை அவிழ்க்கப்படாத வாயில் ஒன்றைக் கண்டதில்லை. அதன் பின்னர் ஏறக்குறைய ஆண்டுதோறும் யாரேனும் ஒரு பிள்ளை அதே வினாவைக் கேட்டது.

அடியார் வேடத்தை ஐயுறுதல் அபசாரம் என்று அன்று விடை சொன்னேன். உரை அது, விடை அன்று. அச்சிறுவனின் வினா வேறு. வேடத்தை ஐயுறாது விட்டால் மன்னர் மாள்கின்றார். ஐயுற்று அவிழ்த்தால் மன்னர் பிழைப்பார். அதன்பின் அவ்வூருக்கு வரும் ஒவ்வோர் அடியாரும் வாயிலிலே தம் ஏட்டை அவிழ்த்துக் காட்டவேண்டும். முத்தநாதன் கொன்றது ஒருவரை. அவன் கெடுத்தது எத்தனை கவளிகளை!

இது புராணத்தோடு முடிந்த செய்தியுமன்று. 1948 ஆம் ஆண்டு சனவரி 20 ஆம் நாள் தில்லி பிர்லா மாளிகைத் தோட்டத்திற் குண்டு வெடித்தபின், வழிபாட்டுக்கு வருவோரைச் சோதிக்கவேண்டும் என்று அதிகாரிகள் வேண்டினர். வழிபட வருவோரைச் சோதித்தல் தகாது என்று காந்தியடிகள் மறுத்துவிட்டார். பத்தாம் நாள், தில்லியின் குளிர்கால மாலையில், கோட்சே உடைப்பையில் இத்தாலி நாட்டுப் பெரெட்டாக் கைத்துப்பாக்கியோடு கூட்டத்திலே நின்று, முன்வந்து வணங்கி, சுட்டான். வள்ளுவர் வாக்கு பலித்தது என்று அன்றுமுதல் மேடைதோறும் கேட்டு வருகின்றோம். அதனினும் என்னை ஆட்கொள்வது அதற்கு முந்திய மறுப்பே. தத்தனை விலக்கிய மெய்ப்பொருளாரின் குரல் அதிலே கேட்கின்றது.

கொழும்பிலே 1959 ஆம் ஆண்டு செத்தெம்பர் 25 ஆம் நாட் காலை, ரொஸ்மீட் பிளேஸ் இல்லத்து விறாந்தையில் மக்களைக் கண்டுகொண்டிருந்த பிரதமர் பண்டாரநாயக்காவைச் சுட்டவர் சோமராம என்னும் பௌத்த பிக்கு. கருவி மறைந்திருந்தது காவியுடையின் மடிப்பிலே. பிரதமர் வந்தவரை வணங்கினார், அவ்வளவில் வெடித்தது. மறுநாள் அவர் மறைந்தார். 1956 ஆம் ஆண்டுத் தனிச்சிங்களச் சட்டத்தின் பொருட்டுத் தமிழராகிய நமக்கு அவர்மீது தீராத வழக்குண்டு. எனினும் மருத்துவமனையிலிருந்து அவர் விடுத்த செய்தியில், தம்மைச் சுட்டவரைப் பிக்கு என்று சொல்லாமல், பிக்குவின் உடை தரித்த ஒரு மனிதர் என்றே குறித்தார்; அவர்மீது இரக்கம் காட்டுமாறும் வேண்டினார். கொன்றவனினின்றும் உடையைப் பிரித்தெடுத்துக் காப்பாற்ற முயன்ற சொல் அது. திருக்கோவலூர் மன்னர் வேடத்தைக் காத்த வழி ஒன்று. இவர் காத்த வழி மற்றொன்று. சோமராம 1962 இல் தூக்கிலிடப்பட்டார்.

என்னுடைய பெரியபுராணமும் ஒருமுறை வாயிலில் நின்றது. 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னர், வன்னிக்கும் வவுனியாவுக்கும் இடையே பாதை திறந்திருந்த சில ஆண்டுகளில், ஒரு மார்கழியிலே, கருத்தரங்கொன்றுக்காகப் பயணம் செய்தேன். மழைத்தூவலும் குளிரும். சால்வையைக் கழுத்தோடு சுற்றியிருந்தேன். நூலைப் பழைய வேட்டித்துண்டிற் பொதிந்து கையிடுக்கில் வைத்திருந்தேன். இருபுறத்தும் சோதனைச் சாவடிகள். ஒருபுறத்தார் அவிழ்த்ததை நான் கட்டி முடிப்பதற்குள் மறுபுறத்தாரின் மேசைக்கு வந்துவிட்டேன். சால்வையை எடுத்து உதறுமாறு சைகை காட்டினர், உதறினேன். பொதியை அவிழ்க்குமாறு காட்டினர்; அவிழ்த்தேன். என் மகனாகத் தக்க வயதுடைய ஒரு படைவீரன் நூலைக் கையிலெடுத்து, அட்டையிரண்டையும் விரித்துப் பிடித்துத் தலைகீழாகக் குலுக்கினான். அடையாளமாக வைத்திருந்த வில்வ இலைச் சருகொன்று ஈரத்தரையில் விழுந்தது.

அவன் குனிந்து அதனை எடுத்தான். எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது என்று அவன் பார்க்கவில்லை; எனக்குத் தெரியும், ஆனால் அவன் மொழி எனக்கு வாராது. நூலை நடுவே ஏதோவொரு பக்கத்திலே திறந்து, சருகை அதில் வைத்து மூடி, என்னிடம் தந்தான். எனக்குப் பின்னே நின்ற கிழவி தன் கம்பளியைக் கழற்றத் தொடங்கியிருந்தாள்.